ஒன்றும் வளராத ஆறு தட்டுகள்

ஐந்தாம் நாள் காலையில் இன்குபேட்டரின் கதவைத் திறந்தபோது ஆறு தட்டுகளிலும் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத் தட்டு. அதற்குள் உருளைக்கிழங்குச் சாறு கலந்து உறைய வைத்த அகார் என்ற கடற்பாசிக் கூழ். காற்றில் மிதக்கும் பூஞ்சை விதை அதன்மேல் விழுந்தால் மூன்று நாளில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்துவிடும். இந்த ஆறிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. அது ஜூலை மாதம். பெங்களூரில் ஜூலை என்றால் பகல் முழுக்கத் தூறல். மர்பி டவுனில் எங்கள் வீட்டில், கழற்றி வைத்த தோல் செருப்பு நான்கு நாளில் பச்சை பூத்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், முப்பது பேர் மூச்சுவிடும் ஓர் அறையில், ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்த தட்டுகள் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது. ஆபரேஷன் தியேட்டரில் வைத்தால்கூட ஒன்றிரண்டு முளைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருந்த சின்னத் தனியார் லேபில் நான் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போகும் கடலை, மிளகாய், காப்பிக்கொட்டை இவற்றில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை நடத்தினார். நாங்கள் 'சார்' என்போம். அவருக்குக் கீழே ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். மூன்றாவது ஆள் நான். கட்டிடக் காற்றைச் சோதிக்கும் வேலை எங்களுக்கு அதுவரை வந்ததில்லை.

அந்த வேலை வந்த விதமே கொஞ்சம் ஒரு மாதிரி. கோரமங்களா பக்கம் ஓர் அலுவலகம். அமெரிக்க டாக்டர்கள் டேப்பில் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் தொழில் அப்போது புதிது. தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்டில் முப்பது பேர், பெரும்பாலும் சின்னப் பெண்கள், காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து அடிப்பார்கள். இரண்டு மாதமாகப் பாதிப் பேருக்கு இருமல். கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று லீவு போடுகிறார்கள். அந்த அலுவலகத்தின் அட்மின் மேனேஜர் எங்கள் சாருக்கு போன் செய்து கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சார் அதை அப்படியே எங்களிடம் சொன்னார்.

"காத்துல ஒண்ணும் இல்லேன்னு ஒரு ரிப்போர்ட் வேணுமாம்."

"இருக்கா இல்லையான்னு கேக்கலியா சார்?" என்றேன்.

"கேக்கல. இல்லேன்னு வேணுமாம்." சார் சிரித்தார். ஆனால் வேலையை ஒப்புக்கொண்டார்.

மாதிரி எடுக்க நான் போனது ஒரு திங்கட்கிழமை. முந்தின நாளே எனக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கு இரண்டும் அடைப்பு. எட்டுத் தட்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ஆட்டோவில் மடியில் ஏந்திக்கொண்டு போனேன். ஆறு தட்டு பேஸ்மென்டுக்குள் வைக்க. ஒன்று வெளியே வாசலில் வைப்பதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க. ஒன்று திறக்கவே கூடாதது. போக வரத் தட்டு கெடவில்லை என்று காட்ட அது.

மேனேஜர் நாற்பது வயதுக்காரர். கன்னடம் வீட்டு மொழி, தமிழும் சரளமாகப் பேசுவார். படியில் இறங்கும்போதே சொன்னார், "பாருங்கம்மா, சும்னே நாடகம். ஒருத்தி இருமினா பத்துப் பேர் இருமுறாங்க. சினிமா ரிலீஸ் அன்னிக்கு ஜாஸ்தி இருமல்."

அறையில் யாரும் இல்லை, டைப் அடிப்பவர்களின் ஷிப்ட் மத்தியானம்தான் என்றார். அறை பளபளவென்று இருந்தது. புதுப் பெயின்ட், கீழே கார்ப்பெட், ஏ.சி. இரைச்சல். எலுமிச்சை வாசனை ஏதோ அடித்திருக்கிறார்கள் என்று, அடைத்த மூக்கிலும் லேசாகத் தெரிந்தது. என் கண்ணில் நீர் வழிந்தது. சளிதான் என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே மேஜை உயரத்தில் ஆறு இடங்களில் தட்டுகளைத் திறந்து வைத்தேன். மேனேஜர் ஓரிடத்தைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. கடலை வியாபாரிகள் மூட்டையில் எந்த மூலையில் கை விடுகிறேன் என்பதுவரை கவனிப்பார்கள். இவர் கவனிக்கவே இல்லை.

கால் மணி நேரத்தில், "மேலே வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றார்.

தட்டை விட்டு வரக்கூடாது என்றேன்.

"யாரும்மா தொடப்போறாங்க? பூட்டிட்டுப் போலாம்."

பூட்டினார். சாவி அவர் பையில். மேலே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அந்த இருபது நிமிஷத்தைப் பிறகு நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்கு இன்னொரு சாவி இருந்ததா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நீலச் சேலை. அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் ஆயாம்மா. நீலசந்திராவில் வீடு என்றார். நான் தமிழ் என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தார்.

"நீதானேமா காத்து பிடிக்க வந்த பொண்ணு?"

"ஆமாம்மா."

"நீ இன்னா பாத்தாலும் ஒண்ணும் கெடைக்காது. நேத்து எங்களக் கூப்ட்டு மருந்து அடிக்கச் சொன்னாங்க. கண்ணே தெறக்க முடியல. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன். ஜெராக்ஸ் மிஷின் பின்னாடி சுவரு ஊதிக்கினு இருந்துச்சு, அதுக்கும் பெயின்ட் அடிச்சி மூடிட்டாங்க."

"என்ன மருந்து?"

"எனக்கு இன்னா தெரியும்? வெள்ளக் கேன். ஆஸ்பத்திரி வாசன."

நான் தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை. அலுவலக வாசலில் டைப் அடிக்கும் பெண்கள் நாலைந்து பேர் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் இந்த அம்மாவை அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பினாயில் ஊற்றிக் கழுவியிருப்பார்கள், அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

லேபுக்குத் திரும்பியபோது உடம்பு கொதித்தது. அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ கண்ணு. தட்ட நான் வெச்சிடறேன்" என்று ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டார். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் லேபுக்கு வந்தேன். ஐந்தாம் நாள்தான் தட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

வாசலில் வைத்த தட்டு கம்பளி போர்த்தியதுபோல் பச்சையும் கறுப்பும் ரோஸுமாக நிறைந்திருந்தது. திறக்காத தட்டு சுத்தம். அது அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே வைத்த ஆறும் சுத்தம். அப்படியென்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் சந்தேகம் முதலில் போனது அக்காவிடம். காரணம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்தான் அவர் தம்பிக்கு ஓரிடத்தில் இன்டர்வியூ என்று எல்லாருக்கும் மைசூர் பாகு கொடுத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டபோது இந்த அலுவலகத்தின் பெயரைத்தான் சொன்னார். நான் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் மேனேஜர் இரண்டு முறை போன் செய்திருந்தார். இரண்டு முறையும் எடுத்துப் பேசியது அக்கா. இதை அவரேதான் என்னிடம் சொன்னார். சாதாரணமாகச் சொன்னதுகூட எனக்கு நடிப்பாகத் தெரிந்தது. எங்கள் அலமாரியில் திறக்காத தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஆறை எடுத்து எண் எழுதி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

தட்டுகளின் அடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த எண்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து மாதிரிதான் இருந்தது. மூன்றின் வளைவு மட்டும் நான் போடுகிற மாதிரி இல்லையோ என்று தோன்றியது. ஒரு நோட்டில் வரிசையாக மூன்று எழுதிப் பார்த்தேன். இருபது மூன்றுகள், இருபது விதம்.

மத்தியானம் அக்கா சாப்பிடப் போனதும் பின்னறைக்குப் போனேன். வேலை முடிந்த தட்டுகளைப் பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோக்ளேவில் அவித்துக் கொன்றுவிட்டுத்தான் வெளியே போடுவோம். அதுவரை அவை ஒரு மூடி போட்ட பக்கெட்டில் கிடக்கும். உண்மையான ஆறு தட்டுகள் அதற்குள் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கையுறை மாட்டிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். கடலைத் தட்டு, மிளகாய்த் தட்டு, மறுபடி கடலை. கீழே ஒரு வரிசை மிச்சம் இருக்கும்போது பின்னால் நிழல் விழுந்தது.

"என்ன தேடுற?"

அக்கா டிபன் டப்பாவோடு நின்றிருந்தார். அடுக்கி வைத்த தட்டுகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அவருக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நான் மாத்திட்டேன்னு நெனச்சியா?"

"இல்லக்கா, சும்மா..."

"சும்மா யாரும் இந்தப் பக்கெட்டுல கை விட மாட்டாங்க." குரல் உயரவில்லை. டப்பாவை மேஜையில் வைத்தார். "என் தம்பிக்காகவா? அவன் அந்த இன்டர்வியூவுக்குப் போகவே இல்ல. அன்னிக்கு எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் முணுமுணுத்திருப்பேன்.

அக்கா எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. நான் மாத்தல. நீயும் மாத்தல. இப்ப சொல்லு. அங்க என்ன பாத்த? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். புதுப் பெயின்ட், எலுமிச்சை வாசனை, காப்பி, சாவி. கடைசியில், ஏதோ வேண்டாத விஷயம்போல, ஆயாம்மா சொன்னதையும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி வாசனையா? கண்ணு எரிஞ்சுதா?" அக்கா என்னைப் பார்த்த பார்வை பக்கெட்டைப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. "இத ஏன் முன்னாடியே சொல்லல? ஃபார்மலின் அடிச்சிருக்காங்க, பொணம் கெடாம வெக்கிற மருந்து. அந்த ஆவி அறையில இருந்திருக்கு. அகார் அத உறிஞ்சிருச்சுன்னா அதுமேல என்ன விழுந்தாலும் செத்துப்போகும். உன் கண்ணுல தண்ணி வந்ததும் அதனாலதான்."

"அத எப்படிக்கா நிரூபிக்கிறது?"

"கடலையில வளந்த பச்சப் பூஞ்சைய ஊசி முனையில தொட்டு இந்த ஆறுலயும் வெப்போம். அந்தத் தெறக்காத தட்டுலயும் வெப்போம். எது வளருது, எது வளரலன்னு பாப்போம். அதுக்கு முன்னாடி சாரக் கூப்பிடு. அவர் முன்னாடி செய்யலாம். அப்பதான் நாளைக்கு யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க."

கடைசி வரியை அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சார் வந்து நிற்க, ஏழு தட்டுகளின் நடுவிலும் அக்கா பூஞ்சையைத் தொட்டு வைத்தார். நான் எண்களைச் சத்தமாகப் படித்தேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு மூடினோம்.

மூன்றாம் நாள் பார்த்தபோது, முதலில் திறக்காமல் வைத்திருந்த தட்டில் நாலணாக் காசு அகலத்துக்குப் பச்சை. மற்ற ஆறில் ஐந்தில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் ஓரமாக ஒரு வெள்ளை நூல், அதுவும் வளரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றிருந்தது.

சார் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேனேஜருக்கு போன் செய்தார். நாங்கள் இருவரும் வேலை செய்வதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம். தட்டுகள் சுத்தமாக இருப்பது காற்று சுத்தமாக இருப்பதால் இல்லை, அறையில் அடித்த ஏதோ மருந்தினால், அதை அப்படியே எழுதித்தான் ரிப்போர்ட் தர முடியும் என்றார். மறுபக்கம் சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது.

"யார் சொன்னாங்களா? எங்க பொண்ணு சொன்னா. அவகிட்ட உங்க ஹவுஸ்கீப்பிங் அம்மா சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழம அடிச்சீங்களாமே?" என்றார் சார்.

சாரிடம் ஆயாம்மாவைப் பற்றிச் சொன்னது நான்தான். அதை அவர் இப்படிப் போட்டு உடைப்பார் என்று நினைக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

மறுநாள் மேனேஜரே லேபுக்கு வந்தார். கோபம் இறங்கியிருந்தது, சந்தேகம் இறங்கவில்லை. மருந்து அடித்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். பூச்சி மருந்துக் கடைக்காரர் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தாராம். சோதனைக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்வதில் என்ன தப்பு என்று கேட்டார். அவர் வேண்டுமென்று ஏமாற்றினாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி, மறுபடி எடுங்க," என்றார். "ஆனா ஒண்ணு. இங்க லேப் முழுக்க பூஞ்சை வெச்சிருக்கீங்க. நீங்களே கொண்டுவந்து தடவிட்டு 'இருக்கு'ன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நான் பதில் சொல்லப் போனேன். சார் கையமர்த்தினார். "நியாயமான கேள்வி. நீங்க பக்கத்துல நில்லுங்க. உங்க ஸ்டாஃப்ல ஒருத்தரையும் நிக்கச் சொல்லுங்க. எடுக்கறதை உங்க கண்ணு முன்னாடியே ரெண்டாப் பங்கு போட்டு சீல் வைப்போம். ஒரு பங்கு உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க மேல நம்பிக்கை இல்லேன்னா வேற லேபுக்கு அனுப்புங்க."

பத்து நாள் மருந்து எதுவும் அடிக்காமல் விட்ட பிறகு, நாங்கள் மூவரும் போனோம். இந்த முறை என் மூக்கு திறந்திருந்தது. படியில் இறங்கும்போதே பெயின்ட் வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனை. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. டைப் அடிக்கும் பெண்கள் சார்பில் ஒரு பெண் வந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு எங்களையும் மேனேஜரையும் ஒரே மாதிரி முறைத்தாள். ஆயாம்மாவும் ஓரமாக வாளியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஜெராக்ஸ் மிஷினை நகர்த்தச் சொன்னோம். பின்னால் சுவர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அக்கா கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போனது. அது சுவரே இல்லை, செங்கல் சுவருக்கு முன்னால் அடித்திருந்த, இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டு. மேனேஜர் ஒரு கணம் தயங்கினார். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஓரத்தை வெட்டச் சொன்னார். அவரே முகத்தைக் கிட்டே வைத்து நின்றார், நாங்கள் ஏதாவது தடவிவிடுவோமோ என்று.

போர்டு கதவு மாதிரி திறந்தது. அதன் பின்பக்கம் முழுக்க, நான் கை விரித்தாலும் எட்டாத அகலத்துக்கு, பச்சையும் மஞ்சளும் கறுப்பும் படிந்திருந்தது. மேல்மாடிக் கழிவறைக் குழாய் ஒன்று இணைப்பில் கசிந்து, செங்கல் வழியாகச் சத்தமில்லாமல் வடிந்துகொண்டிருந்தது.

பிறகு அந்தப் பெண், "நாங்க நடிக்கிறோம்னீங்களே சார்" என்றாள், கன்னடத்தில். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

போர்டின் காகிதத்தைச் சுரண்டி இரண்டு பாட்டில்களில் போட்டோம். மேஜைகளின் மேலிருந்து தூசியையும் பஞ்சில் துடைத்து எடுத்தோம். எல்லாவற்றிலும் ஐந்து கையெழுத்து.

பூஞ்சை இருப்பது கண்ணுக்கே தெரிந்துவிட்டது. அது நச்சு கக்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடலைக்குச் செய்வதையே செய்தோம். சுரண்டியதைக் கரைப்பானில் ஊறவைத்து வடித்து, சொட்டாகச் சுண்டவைத்து, வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்தோம். பக்கத்திலேயே தெரிந்த நச்சின் கரைசலில் ஒரு புள்ளி. தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால் அது மேலே ஊறி ஏறும்போது ஒவ்வொரு பொருளையும் அதனதன் உயரத்தில் கொண்டுபோய் விடும். காய வைத்து, மருந்து தெளித்து, சூடாக்கி, கறுப்புத் துணி போட்ட பெட்டிக்குள் புற ஊதா விளக்கின்கீழ் பார்க்க வேண்டும்.

மேனேஜர் அதையும் தானே பார்க்க வேண்டும் என்றார். வந்து துணிக்குள் தலையை விட்டார். தெரிந்த நச்சு மஞ்சளாக ஒளிர்ந்தது. அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், போர்டிலிருந்து வந்ததும் மஞ்சளாக ஒளிர்ந்தது. ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் என்று அந்த நச்சுக்குப் பெயர். கெட்டுப்போன தானியத்தில் நாங்கள் தேடுவது.

"இது உங்க லைட் கலர் இல்லதானே?" என்றார் துணிக்குள்ளிருந்து.

அக்கா வேறொரு தகட்டை உள்ளே தள்ளினார். அதில் வெறும் கரைப்பானில் வைத்த புள்ளி. ஒன்றும் ஒளிரவில்லை. மேனேஜர் தலையை வெளியே எடுத்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

மேஜைத் தூசியில் மஞ்சள் தெரிந்ததா இல்லையா என்று நாங்கள் மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். எனக்கு இருப்பதுபோல் இருந்தது. அக்கா, "இருக்கணும்னு நீ பாக்குற" என்றார். சார் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதினார். சுவரில் நச்சு இருந்தது. அந்தப் பெண்களின் மூச்சில் போனதா, இருமல் அதனால்தானா என்பதை இந்தச் சோதனை சொல்லாது என்றும் எழுதினார். அந்த ரிப்போர்ட் அந்தப் பெண்களுக்கும் போதவில்லை, மேனேஜருக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பெண் ஒருநாள் லேபுக்கு போன் செய்து, "உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க இப்படி எழுத?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு வாரத்தில் டைப் அடிப்பவர்களை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து லேப் வாசலில் ஆயாம்மா நின்றிருந்தார். முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டி அவிழ்த்த தடம் கன்னத்தில் இருந்தது.

"அந்தப் பலகையெல்லாம் என்னத்தான் பேர்த்துப் போடச் சொல்லிருக்காங்க. ரெண்டு நாளா செய்றேன். ராவெல்லாம் இருமல். அது வெசம்னு மேல பேசிக்கிறாங்க. அவங்களுக்கு வெசம்னா எனக்கு இன்னா?"

நான் அவரை உள்ளே உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீ பேர சொல்லாம இருந்திருந்தா என்னய விட்டிருப்பாங்க. பரவால்ல. இப்ப இன்னா பண்றது, அத சொல்லு."

அக்காதான் முதலில் எழுந்தார். எங்களிடமிருந்த மூக்கு முகமூடிகளில் நான்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே அதத் தொடாதீங்கம்மா, நாங்க பேசறோம்" என்றார். சாரிடம் போய் நின்றார். நானும் போய் நின்றேன். அந்தப் போர்டை ஈரப்படுத்தி, மூடிக் கட்டி, பாதுகாப்போடு எடுக்கத் தெரிந்த ஆட்கள்தான் எடுக்க வேண்டும் என்று லேப் தாளில் கடிதம் எழுதி சார் கையெழுத்துப் போட்டார். நான் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "அந்தம்மா உங்ககிட்ட வந்துச்சா?" என்றார்.

"யாரும் வரல. இது எங்க வழக்கம்" என்றேன். அந்த விஷயம் முழுவதிலும் மேனேஜரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவர் நம்பவில்லை. ஆனால் வெளியாட்களை வரவழைத்தார்.

அக்கா என்னோடு பழையபடி பேச இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகும் தட்டுகளை இன்குபேட்டரில் வைக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார். "வேண்டாங்கக்கா" என்பேன். "இருக்கட்டும்" என்பார். அடுத்த வருஷம் அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போகும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஆயாம்மாவை நான் மறுபடி பார்த்தது ஓரிரண்டு வருஷம் கழித்து, நீலசந்திரா மார்க்கெட்டில். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். இருமல் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"அது எப்பவோ போச்சு. உனக்கு ஒண்ணு சொல்லட்டா? எல்லாம் அந்தச் சுவருன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணுங்களுக்குக் கண்ணு எரிஞ்சது சுவத்தால இல்ல. அந்த மருந்தால. நீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா வாரா வாரம் ஞாயித்துக்கிழம அடிச்சிக்கினுதானே இருந்தோம்."

"வாரா வாரமா? எங்கிட்ட ஒரு தடவைன்னுதானே சொன்னீங்க?"

"நேத்து அடிச்சோம்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி அடிச்சோமான்னு நீ கேக்கல."

பை நிறைந்ததும் அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் காய்க்காரர் எதிரில் கையில் ஒரு கத்தரிக்காயோடு நின்றேன். அறையில் இருந்தவை இரண்டு. இரண்டுமே கெடுதல். எது யாரை என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், நாங்கள் ஃபார்மலினை எங்கள் தட்டுகளைக் கெடுத்த பொருளாக மட்டுமே பார்த்தோம். அறையில் அது எவ்வளவு இருந்தது என்று அளக்கவே இல்லை. அல்லது ஆயாம்மா இப்போது சொல்வது சரியில்லையா, மறந்து மாற்றிச் சொல்கிறாரா? அதையும் நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, அப்படி யோசித்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

"எடுத்துக்கிறியாமா, வெக்கிறியா?" என்றார் காய்க்காரர். அரைக் கிலோ போடச் சொன்னேன்.